மலைமேல் ஒச்சம்மாள், ஊருக்குள் மொக்கையன்

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்குப் போகும் சிறிய ரயில் காலையில் புறப்பட்டது. மூன்றாம் வகுப்பில் சன்னல் ஓரமாக இடம் கிடைத்தது. நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மரப்பலகையில் உட்கார்ந்த பிறகும் உடம்பு கடலில் ஆடுவது போலவே இருந்தது.

அது 1955 ஆகஸ்டு மாதம். நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். சிங்கப்பூரில் சமூகப் பணி படித்துக்கொண்டிருந்தேன். படிப்பின் கடைசி ஆண்டில் மூன்று மாதம் வெளிநாடு ஒன்றில் வேலை பழக வேண்டும். உடன் படித்தவர்கள் லண்டனையும் ஹாங்காங்கையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் பேராசிரியை 'போடிநாயக்கனூர்' என்ற பெயரைத் தட்டுத் தடுமாறிப் படித்து, "அங்கே வயதானவர்களுக்கு ஒரு பகல் இல்லம் இருக்கிறதாம், போகிறாயா?" என்று கேட்டார். இருவரும் சுவரில் தொங்கிய தேசப்படத்தில் தேடினோம். படத்தில் அந்த ஊர் இல்லை.

உசிலம்பட்டி தாண்டியதும் வண்டி மேடேற மூச்சு வாங்கியது. ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்தபோது மேற்கே மலைத்தொடர் முழுவதும் ஒரே நீளமாகத் தெரிந்தது. அடிவாரத்தில் வெயில், மேல் பாதியில் மேகம். எதிரே முருங்கைக்காய்க் கட்டுகளோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எங்கிட்டுத் தாயி, ஒத்தையில?"

"போடிக்கு."

"எந்த ஊரு நீ?"

"பினாங்கு."

"அது தேவகோட்டைக்கு அங்கிட்டா?"

"கடலுக்கு அங்கிட்டு," என்றேன். 'அங்கிட்டு' என்ற சொல்லை நான் அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னேன். வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது பற்றிப் படிக்கிறேன் என்றதும் அவள் நம்பவில்லை. "அதுக்கெல்லாமா படிப்பு இருக்கு?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை.

போடி நிலையத்தில் கமலவேணி அக்கா காத்திருந்தார். அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்க்கும் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு பகல் இல்லத்தைத் தொடங்கியவர் அவர்தான். கதர்ச் சேலை, கையில் குடை. என் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "புத்தகமா? இங்க படிக்க நேரம் இருக்காது மரகதம்," என்றார். குதிரை வண்டிக்கு ஆறணா கொடுத்து அவர் வீட்டுக்குப் போனோம். தெருவெல்லாம் ஏலக்காய் மணம். கடை வாசல்களில் பெண்கள் முறத்தில் காயைப் பரப்பித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பகல் இல்லம், ஒரு வியாபாரி சும்மா போட்டிருந்த பழைய கிடங்கு. மூட்டைகள் போய் வெகு நாளாகியும் சுவரை முகர்ந்தால் மணம் இருந்தது. காலையில் எட்டு மணிக்குத் திறப்பார்கள். மாலை ஐந்துக்குப் பூட்டுவார்கள். மதியம் சோறு அல்லது கம்பங்கூழ். வாரம் ஒரு முறை வைத்தியர் வந்து பார்ப்பார். வருகிறவர்களில் பாதிப் பேர் மலைத் தோட்டங்களில் காயெடுத்தும் களை வெட்டியும் வாழ்ந்து, உடம்பு முடியாமல் கீழே இறங்கியவர்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் பகல் முழுவதும் வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டியவர்கள். ஊரார் அந்த இடத்துக்கு 'கெழடுக பள்ளிக்கூடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயருக்குக் கூசிய சில மகன்கள் தாய் தகப்பனைப் பின்சந்து வழியாகக் கூட்டி வந்து விட்டுவிட்டு வேகமாகப் போய்விடுவார்கள்.

முதல் இரண்டு வாரம் நகம் வெட்டினேன். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். பத்திரிகை படித்துக் காட்டினேன். ரொட்டியை நான் 'ரோத்தி' என்று சொன்னதற்கு ஒரு நாள் முழுக்கச் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். மொக்கையன் என்று பெயர். நெடிய, ஒல்லியான உடம்பு. நாற்பது வருடம் ஏலமலையில் உழைத்தவர். இப்போது இளைப்பு நோய். பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். மதியம் எல்லாரும் இலைமுன் உட்காரும் நேரத்தில் அவர் மட்டும் எழுந்து வெளியே போவார். மலையிலிருந்து வரும் ஜீப்புகள் ஊருக்குள் திரும்புகிற முக்கில் ஒரு சிறு பாலம் உண்டு. அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொள்வார். நண்பகல் ஜீப்பு வந்து ஆட்கள் இறங்கிப் போன பிறகுதான் திரும்பி வருவார். ஆறிப்போன சோற்றைப் பேசாமல் சாப்பிடுவார்.

மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து இலையைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். பயனில்லை. தூக்குச் சட்டியில் சோற்றைப் பாலத்துக்கே எடுத்துப் போனேன். "வையி தாயி," என்றார். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவருடைய மூத்த மகன் ராசுவைத் தேடிப் போனேன். ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்குகிறவர். உட்காரப் பெஞ்சைத் துடைத்துக் கொடுத்து, டீ வாங்கி வரச் சொன்னார்.

"வீட்டுல நல்லாத்தான் சாப்புடுறாரு," என்றார். "அங்கன எதுக்கு அப்படிப் பண்றாருன்னு தெரியலை."

"உங்க அம்மா?"

"ஆத்தா மலையில தம்பிகிட்ட இருக்கு. ரெண்டு பேரையும் ஒருத்தனே வச்சுச் சோறு போட முடியலைங்க. தம்பிக்குச் சின்னப் புள்ளைக. ஆத்தாவை அவன் கூட்டிட்டுப் போனான், அப்பாவை நான் வச்சுக்கிட்டேன். மலைக் குளுரு இவருக்கு ஆகாது."

"அவங்க ரெண்டு பேரையும் கேட்டீங்களா?"

"கேட்டோம். ஒண்ணுமே சொல்லலை ரெண்டு பேரும்."

கெட்ட மனிதராக எனக்குத் தோன்றவில்லை. கூலி வேலை, மூன்று குழந்தைகள், ஒற்றை அறை வீடு. ஆனால் பிரிந்து இரண்டு வருடம் ஆகியும் அந்த அம்மாள் ஒரு தடவைகூட இறங்கி வரவில்லை, இவரால் ஏற முடியவில்லை என்று கேட்டபோது, பாலத்துச் சுவரில் அவர் எதற்காக உட்கார்ந்திருந்தார் என்பது புரிந்துவிட்டது. அந்த அம்மாளைப் போய்ப் பார்ப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

"போறதுன்னா போ," என்றார் கமலவேணி அக்கா. "ஆனா கூட்டிட்டு வந்துருவேன்னு அவருகிட்டச் சொல்லிட்டுப் போகாதே."

நான் சொல்லவில்லை. மனதுக்குள் மட்டும் அந்த அம்மாளுக்கு இடம் போட்டு, இருவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலையும் விரித்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜீப்பு புறப்பட்டது. போடியிலிருந்து போடிமெட்டு ஏறக்குறையப் பதினாறு மைல். ஆளுக்கு ஒரு ரூபாய். டிரைவர் தங்கவேலு என்னை முன்னால் ஏற்றிக்கொண்டார். பின்னால் தோட்டத்து ஆட்கள், அரிசி மூட்டை, மண்ணெண்ணெய்த் தகரம், காலைக் கட்டிய இரண்டு கோழிகள். "லோடு சரியாயிருச்சு," என்று அவர் சொன்ன பிறகும் மூன்று பேர் ஏறினார்கள்.

முந்தல் தாண்டியதும் ஏற்றம். வளைவுக்கு வளைவு வண்டி நின்று, கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி ஏறும். ஒவ்வொரு தடவையும் நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். தங்கவேலு அதைப் பார்த்துவிட்டு, "அந்தக் கம்பி ஆடுங்க. சீட்டைப் புடிச்சுக்குங்க," என்றார். பாதி மலையில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார்கள். கீழே குனிந்து பார்த்தேன். செம்மண் நிலங்கள், ஒன்றிரண்டு கண்மாய்கள், சிதறிய ஓடுகளைப்போல போடி. தன் ஊரான ராசிங்காபுரம் அந்தப் பக்கம் என்று ஒருவர் கைகாட்டினார். வெயிலில் வெறும் பச்சைத் திட்டாகத் தெரிந்தது.

"மொக்கையன் பெரியப்பா விசயமாவா போறீக?" என்று தங்கவேலு கேட்டார். "தெனமும் பாலத்துல உக்காந்து என் வண்டியப் பாப்பாரு. நான் கையக் காட்டுவேன். அவரு காட்ட மாட்டாரு. எறங்குற ஆளுகளைத்தான் ஒவ்வொண்ணாப் பாப்பாரு."

போடிமெட்டில் மூடுபனி. மெல்லிய சேலையோடு வந்திருந்த எனக்குப் பல் கிட்டியது. எல்லைச் சாவடியில் அரிசி மூட்டையைக் குத்திப் பார்த்தார்கள். அதற்கு மேல் திருவாங்கூர்-கொச்சி ராஜ்யம். ஓரணாவுக்கு ஒரு பெரிய கிளாஸ் டீ. அங்கிருந்து பூப்பாறை ரோட்டில் சில மைல் போய் இறங்கினேன். தோட்டத்துக்குப் போகிற ஒரு பெண் துணைக்கு வந்தாள். ஒற்றையடிப் பாதை. தலைக்கு மேலே பெருமரங்கள். அவற்றின் நிழலில் ஆள் உயரத்துக்கு மேல் ஏலச் செடிகள். காய் மேலே காய்க்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அது மண்ணை ஒட்டித் தூரில் காய்க்கிறது. பெண்கள் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு காயாகக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் காலில் அட்டை ஏறியதை அந்தப் பெண்தான் முதலில் பார்த்தாள். சுண்ணாம்பைத் தடவினாள், விழுந்துவிட்டது.

மொக்கையன் ஐயாவின் மனைவி ஒச்சம்மாள் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார். விட்டத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். தரையில் தவழ்கிற இரண்டு பிள்ளைகள். தாய்மார் காயெடுக்கப் போகும்போது குழந்தைகளை அங்கே விட்டுப் போவார்களாம். கட்டை குட்டையான உருவம். ஒரு கையால் தொட்டிலை ஆட்டியபடி, இன்னொரு கையால் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து கூழாங்கல்லை எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் தொட்டில் நின்றது.

"மனுசனுக்கு என்ன?"

"நல்லா இருக்காரும்மா."

தொட்டில் மறுபடி ஆடியது. "பெறகெதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தே?"

பாலத்துச் சுவரைப் பற்றிச் சொன்னேன். ஜீப்புகளைப் பற்றிச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவுக சொல்லிவிட்டாகளா, என்னையக் கூட்டிட்டு வான்னு?"

"இல்லை."

"நீயா வந்தியா?"

"ஆமாம்."

"கேக்காத ஆளுக்கு நீ ஏந்தாயி சொமந்துட்டு வர்றே?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"பயலுக ரெண்டு பேரும் பேசி முடிச்சப்ப அவுக சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாக. அவ எங்கூட இருக்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மலையேறியிருக்க மாட்டேன். சொல்லலை. சரி, நம்ம வேணாம் போலன்னு மூட்டையக் கட்டிட்டேன்." கீழே தவழ்ந்த பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். "இப்ப இங்கன எனக்குச் சோலி இருக்கு. இதுகளப் பாத்துக்கிறதுக்குத் தோட்டத்துல கூலி தர்றாக. என் கையில, எங்கிட்டயே தர்றாக. அதை விட்டுட்டு மூத்தவன் வீட்டு மூலையில வந்து உக்காரச் சொல்றியா?"

கொண்டுவந்த திட்டமெல்லாம் அந்தக் கொட்டகையிலேயே கரைந்துவிட்டது. அவர் வேக வைத்த மரவள்ளிக் கிழங்கும் மிளகாயும் வைத்தார். "கொஞ்சம் வெள்ளம் குடி," என்றார்; எனக்கு வெள்ளம் என்றால் பெருக்கு. விழித்ததைப் பார்த்து, "தண்ணி தாயி. இங்கன இருந்து இருந்து நாக்கு மலையாளத்துக்குத் திரும்பிப் போச்சு," என்று சிரித்தார். கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"சோத்த ஆறப்போட்டா திங்கிறாக?"

"ஆமாம்மா."

"ஆறுன சோறு அவுகளுக்கு ஆகாதே. இளைப்பு கூடும்," என்றார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை மொக்கையன் ஐயாவிடம் சொன்னேன். மலைக்குப் போனது, ஒச்சம்மாளைப் பார்த்தது, அவர் சொன்னது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கேட்டார்.

"நான் போகச் சொன்னேனா?"

"இருக்கவும் சொல்லலையே, ஐயா."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் வரவில்லை. பாலத்திலும் இல்லை. மாலையில் ராசு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"எங்க வீட்டு விசயத்தை மலைவரைக்கும் கொண்டுபோய்ப் பேசுறதுக்குத்தான் உங்களைப் படிக்க வச்சாகளா? அப்பா நேத்துலருந்து யாருகிட்டயும் பேச மாட்டேங்குறாரு."

தப்புத்தான், உங்களிடம் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். இருந்த கொஞ்சத்தையும் நான் கெடுத்துவிட்டேன் என்று பட்டது. ஆறிய சோறானாலும் அதுவரை தினமும் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். கமலவேணி அக்கா திட்டவில்லை. "வருவாரு. வரலைன்னா போய்ப் பாப்போம்," என்று பருப்புக் களைவதைத் தொடர்ந்தார்.

புதன்கிழமை காலை மொக்கையன் ஐயா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே போய் உட்காராமல் நேரே என்னிடம் வந்து நின்றார். மூச்சு சமனாகும்வரை காத்திருந்தேன்.

"அந்த ஜீப்புல முன்னாடி உக்காந்து போனா இளைப்பு வருமா?" என்று கேட்டார்.

அன்று வைத்தியர் வருகிற நாள். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். வெயில் அடிக்கிற நாளாக இருந்தால் போடிமெட்டுவரை போகலாம். அதற்கு அப்பால் கூடாது. மழைக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும் என்றார். தங்கவேலு மேலே செய்தி கொண்டுபோனார். தோட்டத்தில் கூலி போட்டு வேலை விடுகிற ஞாயிற்றுக்கிழமை, மெட்டில் உள்ள டீக்கடைக்கு வர முடியுமா என்று. "என்ன சொன்னாங்க?" என்று அவர் திரும்பியதும் கேட்டேன். "பாப்போம்னு சொன்னுச்சு," என்றார்.

ஞாயிறு காலை வானம் தெளிவாக இருந்தது. ஜீப்பு நிற்குமிடத்துக்கு ராசு வந்திருந்தார். என்னிடம் பேசவில்லை. ஒரு கம்பளி மப்ளரை எடுத்துத் தகப்பனின் காதை மூடிக் கட்டினார். பிறகு தங்கவேலுவிடம், "வளைவுல மெதுவாப் போண்ணே," என்றார். வழியெல்லாம் மொக்கையன் ஐயா மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். குரங்கணிப் பக்கம் ஒரு சரிவைக் காட்டி, "அது காடா இருந்துச்சு. நாங்க வெட்டுனது," என்று ஒரு தடவை சொன்னார். அவ்வளவுதான்.

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். பூப்பாறைப் பக்கமிருந்து ஒரு ஜீப்பு வந்தது. இறங்கியவர்களை அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒச்சம்மாள் இல்லை. இன்னொன்று வந்தது. அதிலும் இல்லை. பனி இறங்கத் தொடங்கியது. தங்கவேலு வானத்தைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தபோது, ரோட்டின் வளைவில் குடை பிடித்தபடி ஒச்சம்மாள் நடந்து வந்தார். பின்னால் இளைய மகன் பாண்டி, ஒரு பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு. ஜீப்பில் இடமில்லாததால் குறுக்குப் பாதையில் நடந்து வந்தார்களாம்.

ஒச்சம்மாள் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். நடுவில் இருவர் உட்காரலாம். பாண்டி பையனுக்குப் பன் வாங்கப் போனார். தங்கவேலு, எந்தக் குறையும் இல்லாத டயரைத் தட்டிப் பார்க்கப் போனார். நானும் எழுந்திருக்கப் பார்த்தேன். "இரு தாயி," என்று ஒச்சம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இளைப்பு எப்படி இருக்கு?"

"இருக்கு."

"ஆறுன சோத்தத் திங்கிறீகளாம்."

மொக்கையன் ஐயா என்னை ஒரு பார்வை பார்த்தார். டீ வந்தது. இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், அதைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னைக்குப் பேசாம இருந்துட்டேன். நீ சண்டை போடுவேன்னு நெனச்சேன்."

ஒச்சம்மாள் சிரித்துவிட்டார். "நாப்பது வருசமா நாந்தான சண்டை போட்டேன். அன்னைக்கு ஒரு நா உங்க முறைன்னு இருந்தேன்."

அவரும் சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்துவிட்டது. அடங்கியதும், "வர்றியா?" என்றார்.

"எங்கிட்டு?"

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். எனக்கு அப்போதுதான் அந்த முடிச்சு முழுதாகத் தெரிந்தது.

"மூத்தவன் வீட்டுக்கு வந்தா இளையவன் மூஞ்சியத் தூக்குவான், ஆத்தா அங்கதான் பிரியமா இருக்கான்னு," என்றார் ஒச்சம்மாள். "நீங்க இங்கிட்டு வந்தா குளுரு. அங்கன ஒரு மருமக அடுப்பு, இங்கன ஒரு மருமக அடுப்பு. நான் எந்த வீட்டுக்குன்னு வர்றது? என் கூலியையும் விட மாட்டேன்."

மொக்கையன் ஐயா கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் தாடையைக் காட்டினார்.

"இவுக பள்ளிக்கூடம் இருக்கு."

"அது யாரு வீடு?"

"யாரு வீடும் இல்ல."

ஒச்சம்மாள் என்னைப் பார்த்தார். "மெய்யாவா தாயி? எந்த மருமகளும் கெடையாதா?"

"கிடையாதும்மா."

"அப்ப வரலாம்," என்றார். "எனக்கு லீவு ஞாயித்துக்கிழமைதான். காலை ஜீப்புல வந்து, சாயங்கால ஜீப்புல ஏறிருவேன்."

போடியில் ஞாயிறு சந்தை நாள். அன்று பகல் இல்லம் பூட்டியிருக்கும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இறங்கும் வழியெல்லாம் கமலவேணி அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களைக் கூட்டிக்கொண்டே வந்தேன். அவ்வளவு சிரமம் தேவைப்படவில்லை.

"சந்தை அன்னைக்குச் சமைக்க ஆள் வராது," என்றார் அவர். "நாமதான் பொங்கணும். ஒனக்குச் சோறு பொங்கத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அது பாதி உண்மை.

அடுத்த ஞாயிறு முதல் திறந்தோம். ஒச்சம்மாள் சொன்னபடி வந்து இறங்கினார். சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்து, சோற்றுப் பானையின் நிலைமையைத் தெரிந்துகொண்டார். கரண்டியைக் கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. கூடத்துக்குப் போய் மொக்கையன் ஐயாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "போடு தாயி. இன்னைக்கு நான் உக்காந்து திங்கிறேன்," என்றார். கொஞ்சம் குழைந்திருந்தது, ஆனால் சூடாக இருந்தது. மொக்கையன் ஐயாதான் முதலில் கையை வைத்தார்.

நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. சந்தைக்கு இறங்குகிற தோட்டத்து ஆட்கள், கதவு திறந்திருப்பதைப் பார்த்து, தங்கள் தாய் தகப்பனைப் பார்க்க உள்ளே வரத் தொடங்கினார்கள். மகன் வீட்டில் போய்ப் பார்க்கக் கூச்சப்பட்ட மகள்கள் வந்தார்கள். மூன்றாவது ஞாயிறு ராசு வந்தார், முன்வாசல் வழியாக. தாயின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "எளைச்சுட்டியே ஆத்தா," என்றார். "நீயுந்தான்டா," என்று அவர் பக்கத்தில் உட்கார இடம் விட்டார். போகும்போது ராசு என்னிடம் வந்து, "அடுத்த வாரம் வெறகு நான் கொண்டாறேன், நீங்க வாங்காதீக," என்றார்.

அந்த மாதங்களில் பினாங்குத் துறைமுகத்தின் பக்கத்தில் குடியிருக்கும் வயதான தமிழர்களை அடிக்கடி நினைத்தேன். மூட்டை தூக்க இளம் வயதில் தனியாகக் கப்பலேறி வந்தவர்கள். நாங்கள் அவர்களைக் குடும்பம் இல்லாதவர்கள் என்றுதான் பேசிவந்தோம். இந்தக் கரையில் எத்தனை ஒச்சம்மாள்கள் இருக்கிறார்களோ. அங்கே நடுவில் கிடப்பது மலையல்ல, கடல். ஒரு ரூபாய்க்கு ஏற்றிப் போகும் தங்கவேலுவும் இல்லை. ஆனாலும் ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, யாரிடம் என்ன சொல்லாமல் விட்டு வந்தீர்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்லச் சொன்னால் மட்டுமே சுமக்க வேண்டும்.

நவம்பரில் நான் கிளம்பிய நாளும் ஞாயிறுதான். பிற்பகல் ரயில். கமலவேணி அக்கா மட்டும் நிலையத்துக்கு வந்தார். கையில் புளிச்சோற்றுப் பொட்டலம். பெட்டியில் ஏறிய பிறகும் நான் நிலைய வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்துவிட்டார்.

"அவுகளைத் தேடுறியா? சந்தைக்குப் போயிருக்காக ரெண்டு பேரும். பேரனுக்குச் சட்டைத் துணி எடுக்கணுமாம். ஒனக்கு ரயிலுக்கு நேரமாச்சுன்னு சொல்லித்தான் பாத்தேன். 'அந்தப் புள்ள நல்லபடியாப் போயிட்டு வரட்டும், எங்களுக்குச் சோலி கெடக்கு. வெரசா முடிக்கணும், ஜீப்பு போயிரும்'னு சொல்லிட்டா ஒச்சம்மா."

ரயில் ஊதியது. மலை சன்னலில் பின்னால் நகர்ந்தது. மேல் பாதியில் மேகம் இல்லை. தேனிவரைக்கும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு பசித்தது. பொட்டலத்தை அவிழ்த்தேன். வழியனுப்ப வராத இருவரை நினைத்துக்கொண்டு, மனம் நிறைந்து ஓர் ஊரை விட்டுப் போவது எனக்கு அதுதான் முதல் தடவை.